நாலு மூலை திரும்பிய நிலா

பிளஸ் ஒன்னுக்கு ஈர்ப்பியல் நடத்துகிற சகாக்களே, தேங்காய் கீழே விழும் என்றால் வகுப்பே தலையாட்டும்; நிலா ஏன் விழவில்லை என்று கேட்டால் அதே வகுப்பு ஃபேனைப் பார்க்கும். காஞ்சிபுரத்தில் எனக்கு நடந்ததைக் கேளுங்கள்.

மாட வீதி

மாதத் தேர்வில் நிலாவின் சுற்றுப்பாதையை வரையச் சொல்லியிருந்தேன். தேவிகா பூமியைச் சுற்றி ஸ்கேல் வைத்துச் சதுரம் போட்டிருந்தாள். ராக்கெட் விடுகிற வேலைக்குத்தான் போவேன் என்று அடம்பிடித்து சயின்ஸ் குரூப்பில் சேர்ந்த பெண்! தேர்வில் ஃபெயில். அவள் அப்பா பட்டுக் கடையில் சேல்ஸ்மேன்; உற்சவத்தில் சாமி பல்லக்குக்குத் தோள் கொடுப்பவர். மறுதேர்விலும் ஃபெயிலானால் காமர்ஸுக்கு மாற்றிவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

போயும் போயும் ஒரு சதுரத்துக்காகவா? "என்னம்மா இது, கேரம் போர்டா?" என்று கத்தினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "சாமியே மாட வீதியில நாலு மூலை திரும்பித்தான் மிஸ் வருது. நிலாவுக்கு மட்டும் வளைவா ரோடு போட்டு வெச்சிருக்காங்களா?"

கோபுரத்துக் கல்

விடுவேனா? கயிற்றில் டஸ்டரைக் கட்டிச் சுழற்றினேன். கயிறு இழுத்த வரைக்கும் வட்டமாக வந்தது. விட்டதும் நேராகப் போய் ஜன்னலில் மோதியது. "பூமி இப்படித்தான் நிலாவை இழுக்குது. ஒரு நொடிகூட விடாம இழுக்குது, அதனால மூலையே கிடையாது" என்றேன்.

"சரி, கோபுரத்து உச்சியில ஏறிக் கல்லை எறி. காத்து தடுக்கலைன்னு வெச்சுக்கோ. மெதுவா எறிஞ்சா தேரடி. வேகமா எறிஞ்சா வாலாஜாபாத். இன்னும் பேய் வேகத்துல எறிஞ்சா? கல்லு விழுந்துக்கினேதான் இருக்கும், ஆனா கீழ தரையும் வளைஞ்சுக்கினே போவும். தொடவே தொடாது. நிலாவும் அப்படித்தான் விழுந்துக்கினு இருக்குது."

வகுப்பு மறுபடி ஃபேனைப் பார்த்தது. தேவிகா மட்டும் எழுந்து தன் முதுகைத் தடவிக்கொண்டாள்: "ஐயோ மிஸ், அப்போ எறிஞ்ச கல்லு ஊரெல்லாம் சுத்தி வந்து என் முதுகுலயே அடிக்குமே!"

அப்பா வந்தார்

மறுதேர்வில் முழு மதிப்பெண். அப்பாடா என்று உட்கார்ந்தால், விடைத்தாளோடு அப்பா வந்து நிற்கிறார். நிலாவின் பாதையில் அவள் போட்டிருந்த அம்புக்குறியைக் காட்டினார். "வடக்கிலிருந்து பார்த்தால்" என்று எழுதி, நான் நடத்தியபடியே இடப்பக்கமாகச் சுற்றவிட்டிருந்தாள். "எல்லாரும் வலம் வர்ற ஊர்ல இடம் சுத்த வெச்சிருக்கீங்களே டீச்சர்! தப்புக்கு மார்க் போட்டிருக்கீங்க. இவ காமர்ஸுக்கே போவட்டும்."

நான் வாயைத் திறப்பதற்குள் தேவிகா தாளைப் பிடுங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "பின்னாடி வந்து பாருப்பா. தெற்குல நின்னு பார்க்கறது இதுதான்." அவர் பின்னால் போய்ப் பார்த்தார். அம்புக்குறி வலம் வந்தது. முன்னால் வந்தார், மறுபடி பின்னால் போனார். கடைசியில் தாளை வாங்கிப் பதமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்: "சரி டீச்சர், சயின்ஸ்லயே இருக்கட்டும். ஆனா வீட்டுல ஃபிரேம் போட்டா பின்பக்கம் தெரியற மாதிரிதான் மாட்டுவேன்."

நிலாவை ஒரே பீரியடில் சுற்ற வைத்துவிடலாம் சகாக்களே, அப்பாமார்களைத் தெற்குப் பக்கம் நகர்த்தத்தான் தெம்பு வேண்டும்.