பாதித் தட்டு மருந்து

என் அண்ணன் அந்த வருடம் உடைத்தவற்றுக்கு ஒரு பட்டியல் வைத்திருந்தேன். டிவி, இரண்டு ஜன்னல், தண்ணீர்க் குழாய், பக்கத்து வீட்டு நாயின் கால், மாமாவின் முன்பல். கீரிப்பாறை ரப்பர் தோட்டத்துக் குடியிருப்பில் எங்கள் வீடு. அம்மை பால்வெட்டுக்குப் போகிறவள். அண்ணனும் இருபத்திரண்டு வயதுவரை அவளோடு பால் வெட்டினான். பிறகு மரங்கள் தன்னைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லி நிறுத்தினான். அதற்கடுத்து, சாப்பாட்டில் விஷம் இருப்பதாகச் சொன்னான்.

நான் திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வகத்தில் உதவியாளர். என் வேலை எண்ணுவது. கண்ணாடித் தட்டில் வளரும் மூளைச் செல்கள் ஒன்றையொன்று தேடி நார் நீட்டும். ஒன்றின் நுனி இன்னொன்றைத் தொடும் இடத்தில் இரண்டு பக்கமும் புரதங்கள் வந்து குவியும். இந்தப் பக்கத்துக்குப் பச்சைச் சாயம், அந்தப் பக்கத்துக்குச் சிவப்பு. இரண்டும் ஒட்டி நின்றால் ஓர் இணைப்பு. தனியாக நிற்கும் பச்சை கணக்கில் சேராது.

மூளை சாதுவான உறுப்பு என்று நினைத்துத்தான் அந்த வேலைக்குப் போனேன். அது சிறு வயதில் தேவைக்கு மேல் இணைப்புகளைக் கட்டுகிறது. வளரும் வயதில், பயன்படாதவற்றைத் தன் காவல் செல்களைக் கொண்டே தின்னவைக்கிறது. அந்தத் தீனி அளவு மீறுவதுகூட அண்ணனுக்கு வந்தது போன்ற மனச்சிதைவுக்குக் காரணமாக இருக்கலாம் என்று ஒரு கருத்து உண்டு. உறுதியாக யாருக்கும் தெரியாது. இதை அம்மையிடம் சொன்னபோது அவள் கேட்டாள்:

"தின்னது போதும்னு அதுக்கிட்ட யாரு மக்கா செல்லுகது?"

என்னிடம் மருந்துதான் இருந்தது. நாகர்கோவில் மருத்துவர் எழுதித் தந்த, நிறமும் ருசியும் இல்லாத சொட்டு மருந்து. அண்ணன் அதைக் குடிக்க மாட்டான். எனவே அவன் தட்டில் மீன்குழம்போடு கலக்க அம்மையிடம் சொன்னேன். மருத்துவரிடம் இதைச் சொல்லவில்லை. வேறு வழியும் தெரியவில்லை. மாமா அவனை ஒருமுறை பேயோட்டும் ஜெபவீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தார். ஒரு மாதம் கழித்து வந்தவனின் கணுக்காலில் சங்கிலி தின்ற புண். முதுகில் பிரம்புத் தழும்பு எண்ண முடியாத அளவுக்கு இருந்தது. பல் போன அன்று மாமா சொன்னார்: "இனி ஒருக்கா கை வச்சாம்னா, அங்கதான் கெடப்பான். சாவது வரைக்கும்."

நான் சனிக்கிழமைகளில்தான் வீட்டுக்கு வருவேன். மற்ற நாட்களில் அம்மையிடம் போனில் கேட்டு இன்னொரு பட்டியலில் குறித்துக்கொள்வேன். தேதி, எத்தனை சொட்டு, தட்டு காலியா. தட்டு தினமும் காலி. ஆனால் அவனுக்குக் குறையவில்லை. தேதியும் சொட்டும் மட்டும் நான் சொல்லக் கேட்ட மருத்துவர் அளவைக் கூட்டினார்.

அவன் தட்டிலிருந்து அம்மை ஒரு வாய் தின்ற பிறகே அவன் கை வைப்பான். அது எனக்குத் தெரியும். "நீ என்ன ராசாவாலே, ருசி பாக்க ஆளு வேணுமோ?" என்று கேட்டபடியே அவள் தின்பாள். நான் இல்லாத நாட்களில் அந்த ஒரு வாய் பாதித் தட்டாக வளர்ந்திருந்தது. அது எனக்குத் தெரியாது. யார் தின்றது என்று ஒரு கட்டம் என் பட்டியலில் இல்லை.

அந்தச் சனிக்கிழமை மதியம் நான் வரும்போது கூடப் பால் வெட்டும் பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று அம்மையிடம் சிரித்துக்கொண்டிருந்தாள். "மயினி விடியக் காலத்தே கள்ளு குடிச்சிட்டா மரத்துக்கு வருகியோ? கை இந்த ஆட்டம் ஆடுகு. பட்டையில வெட்டச் சொன்னா தடியில வெட்டுகிய."

அம்மையின் கையிலிருந்த கரண்டி நடுங்கியது. கடைவாயில் எச்சில் வழிந்தது. அக்கா போன பிறகு, மூலையில் இருந்த அண்ணன் பேசினான்.

"ஏட்டி, அம்மைக்கு என்னாச்சு?"

"வயசாகுல்லா."

"ரெண்டு மாசத்துலயா? எனக்க தட்டுலருந்து தின்ன பொறவுதான் இப்பிடி. வேற யாருக்கும் ஒண்ணுமில்ல. ஒனக்கும் ஒண்ணுமில்ல."

எந்த ஓட்டையும் இல்லாத கணக்கு. நடுக்கமும் எச்சிலும் அந்த மருந்து செய்யக்கூடியவை. நான் அம்மையைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "பாதி தின்னாத்தான் அவன் திங்கான். பட்டினி கெடக்கட்டும்னு விடவா?"

"அம்மையக் கொல்லுகியாட்டி நீ" என்றான் அண்ணன்.

என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். ஒரு தடவை, இரண்டு தடவை. விழுந்ததும் இடது கையை மிதித்தான். விரல் முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. தனக்கு வைத்திருந்த தட்டை என் முகத்தில் அழுத்தி, "தின்னு, நீ தின்னு" என்று குழம்பையும் முள்ளையும் வாய்க்குள் திணித்தான். உதடு கிழிந்தது. விழுங்கினேன். அம்மை அவன் முதுகில் அடித்துக்கொண்டே இருந்தாள். அவளை மட்டும் அவன் தொடவில்லை.

மாமாவும் இன்னும் மூன்று பேரும் ஓடிவந்து அவனை இழுத்து, ரப்பர் ஷீட் உலர்த்தும் கயிற்றால் தூணில் கட்டினார்கள். கட்டிய பிறகும் மாமா கம்பால் அடித்தார். அண்ணனின் புருவம் பிளந்து கண்ணில் ரத்தம் இறங்கியது.

"நாளைக்கு ஜெபவீட்டு வண்டி வரும்" என்றார் மாமா.

நான் அண்ணன் முன்னால் போய் உட்கார்ந்தேன். "நீ செல்லுகது சரி. தட்டுல மருந்து உண்டு. நான்தான் போடச் சொன்னேன். அதுல பாதி அம்மை தின்னா. அதாம் அவளுக்கு இப்பிடி."

"பைத்தியத்துக்கு ஏணி வச்சுக் குடுக்கியா?" என்றார் மாமா.

"இனியும் அம்மைக்குக் குடுப்பியா?" என்று கேட்டான் அண்ணன்.

"நீ நேரா குடிச்சா அவளுக்குப் போகாது."

அண்ணன் அம்மையின் கையைப் பார்த்தான். "கொண்டா. அம்மை பாக்க ஊத்து."

பாட்டிலை எடுத்து வந்து வலது கையால் ஸ்பூனில் எண்ணி ஊற்றினேன். "இது விஷம் இல்லண்ணே."

"என்னண்ணு எனக்குத் தெரியும். அம்மை திங்காண்டாம்."

குடித்தான். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினான். மாமா கம்பைக் கீழே போட்டுவிட்டு, வண்டியைச் சொல்லவா வேண்டாமா என்று அம்மையிடம் கேட்டார். அவள் வேண்டாம் என்றாள்.

ஒரு கையால் முடிச்சை அவிழ்க்க என்னால் முடியவில்லை. அம்மை பால்வெட்டுக் கத்தியைக் கொண்டுவந்தாள். அவள் கை நடுங்கியதால் அதை வாங்கி நானே கயிற்றை அறுத்தேன். அண்ணன் அசையாமல் இருந்தான், சாவதற்குக் காத்திருப்பவனைப் போல.