குருமூர்த்தியின் சிவப்புப் பொன்னாடை

எண்பத்தொன்று. பெரம்பலூர் முன்னாள் கவுன்சிலர் குருமூர்த்தியின் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் புகைப்படங்கள் அத்தனை. ஒவ்வொன்றிலும் அமைச்சருக்கோ நடிகருக்கோ அவர் பொன்னாடை போர்த்துகிறார். ‘பெரியோர்களும் நானும்’ என்று சொந்தச் செலவில் புத்தகமும் போட்டிருக்கிறார். நட்பு எப்படி ஏற்பட்டது என்பதை மட்டும் அதில் எழுதவில்லை.

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. ஆனால் திருச்சி நெடுஞ்சாலை உண்டு. பெரிய மனிதர்களுக்கும் டீ குடிக்கத் தோன்றும். சிறுவாச்சூர் டீக்கடைக்காரர் சின்னதுரை, கொடி கட்டிய கார் நின்றால் போன் செய்வார். ஸ்கூட்டர் பெட்டியில் பொன்னாடையோடு குருமூர்த்தி ஆஜராகிவிடுவார். போர்த்துவார், படம் எடுப்பார், பெரியவர் கழற்றிக் கொடுத்ததை உதவியாளரிடமிருந்து பணிவோடு திரும்ப வாங்கிக்கொள்வார். படங்கள் எண்பத்தொன்று, பொன்னாடை ஒன்று.

மகள் சிந்துவுக்கு உடையார்பாளையத்தில் வரன் அமைந்ததும் இந்தச் சுவரைப் பார்த்துத்தான். மாப்பிள்ளையின் அப்பா அரியமுத்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: சுவரில் மூன்று படங்களில் இருக்கும் முன்னாள் அமைச்சர் நிச்சயத்துக்கு வர வேண்டும். குருமூர்த்தி அமைச்சரைக் கேட்காமலேயே பேனர் அடித்துவிட்டார்.

நிச்சயத்தன்று நல்ல நேரம் கரைந்துகொண்டிருந்தது. அமைச்சர் வராமல் தட்டு மாற்றுவதில்லை என்று அரியமுத்து உட்கார்ந்துவிட்டார்.

“உங்க சினேகிதருக்கு நம்ம வூடு தெரியலையோ என்னமோ” என்றார் குருமூர்த்தியிடம் அவர் மனைவி புஷ்பவல்லி.

அப்போது சின்னதுரையின் போன். அதே முன்னாள் அமைச்சர், அதே டீக்கடை. குருமூர்த்தி ஸ்கூட்டரை எடுக்க, அரியமுத்துவும் பின்னால் ஏறிக்கொண்டார். வேண்டாமென்று சொல்ல வழியில்லை.

பொன்னாடை தோளில் விழுந்ததும் அமைச்சர் சிரித்தார்.

“வாங்க. பேருதான் தெரியலை, துண்டு நல்லாத் தெரியும். மூணு தடவ போத்தி மூணு தடவையும் வாங்கிட்டுப் போயிட்டீங்க. இந்தத் தடவயாவது நான் வச்சுக்கட்டுமா?”

குருமூர்த்தி பழக்கத்தில் போனை எடுத்தார். நிச்சயத்துக்கு வரச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை. சம்பந்தியோ அமைச்சரின் மறுபக்கம் போய் நின்று, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

“படம் எடுங்க சம்பந்தி. உங்கள ஞாபகம் வச்சிருக்காருல்ல, அது போதும்.”

பொன்னாடையோடு கார் திருச்சிக்குப் போனது. நல்ல நேரம் முடிவதற்குள் தட்டு மாற்றினார்கள். மறுநாள் குருமூர்த்தி புதுப் பொன்னாடை வாங்கினார், பச்சை நிறம்.