தனபால் அண்ணன் கேட்ட பத்து வருடம்

பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் செங்கம் ரோட்டில் கார் நகராமல் நின்றபோது செய்தி வந்தது. "தனபால் அண்ணன் போயிட்டாருங்க. நெஞ்சுவலி" என்றார் என் குமாஸ்தா. அவரை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு போனை வைத்தேன். முந்தின நாள் சாயங்காலம் கோர்ட் கேன்டீனில் என் வடையில் பாதியைப் பிடுங்கித் தின்ற மனுஷர் எப்படிப் போவார்?

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் வழக்கறிஞர் நண்பர்களே, அவர் அரசுத் தரப்பு, நான் எதிர்த்தரப்பு. கோர்ட்டில் என்னைக் கிழித்துத் தொங்கவிடுவார். வெளியே வந்ததும், "டீ சொல்லுடா, தொண்ட காஞ்சிபோச்சு" என்பார்.

பழைய கீழ்பென்னாத்தூர் வழக்கு உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலை வயலில், வரப்புத் தகராறு. என் கட்சிக்காரர் மண்வெட்டியால் அடித்ததில் பக்கத்துக் கொல்லைக்காரர் செத்துப்போனார். திட்டமிட்ட கொலை அல்ல என்று தீர்ப்பாகிவிட்டது. இனி நீதிபதி ஆயுள் தண்டனையும் கொடுக்கலாம், பத்து வருடத்துக்கு மிகாமல் கெடு வைத்தும் கொடுக்கலாம். அண்ணன் ஆயுள்தான் கேட்பார் என்று நினைத்து, மறுத்துப் பேச ஒரு கட்டுத் தீர்ப்புகளைச் சுமந்துகொண்டு போயிருந்தேன்.

அவர் எழுந்து பத்து வருடம் கேட்டார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "அரசுத் தரப்பே கம்மியா கேக்குறீங்களே?"

"செத்தவரோட சம்சாரத்தக் கேட்டேங்கய்யா. ஆயுள்னா கவர்மெண்ட் என்னிக்கு விடும், விடவே விடாதான்னு யாருக்கும் தெரியாது. திடீர்னு ஒருநாள் தெருவுல வந்து நிப்பானோன்னு அந்தம்மா தெனம் பயந்து சாவணும். அவங்களுக்கு ஒரு கெடு வேணுங்கய்யா."

நீதிபதி, ஆத்திரத்தில் நடந்தது, முன்குற்றம் எதுவும் இல்லை என்று சொல்லிப் பத்து வருடம் கொடுத்தார். வெளியே செத்தவரின் தம்பிகள் தனபால் அண்ணனைச் சட்டையைப் பிடிக்காத குறையாக ஏசினார்கள். செத்தவரின் சம்சாரம் காசியம்மாளிடம் மட்டும் அண்ணன் சொன்னார்: "அவன் வெளிய வர்ற தேதி தெரிஞ்சதும் நானே வந்து சொல்றேம்மா. நீ யாரையும் கேட்டு அலைய வேணாம்."

"இதெல்லாம் உங்க வேலையாண்ணே?" என்று சிரித்தேன். "தண்டன வாங்கிக் குடுத்ததோட முடிஞ்சிதுன்னு எவன்டா சொன்னான்?" என்றார்.

இப்போது அண்ணன் இறந்து, காரியம் முடிந்த மறுவாரமே அந்தக் கட்சிக்காரரின் மகன் ஆபீசுக்கு வந்தான். "தண்டன முடிஞ்சு அப்பா வர்ற திங்கக்கிழம வெளிய வராருங்க சார்." அவன் முகமெல்லாம் சந்தோஷம். எனக்குக் காசியம்மாளிடம் அண்ணன் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்தது.

நேற்று கீழ்பென்னாத்தூர் போனேன். காசியம்மாள் வாசலில் மல்லாட்டை காயவைத்துக்கொண்டிருந்தார். என் கறுப்புக் கோட்டைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தார்.

"தனபால் சார் வரலீங்களா? அவருதான வந்து சொல்றேன்னாரு."

தேதியைச் சொன்னேன். பிறகு மற்றதையும் சொன்னேன். தேதி அவர் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அண்ணனுக்காக அழுதார். "எனக்கு ஒருத்தரும் சொல்லலியே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கும் தாங்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். நான் கிளம்பும்போது, "திங்கக்கிழம யாராச்சும் கூட இருப்பீங்களா?" என்று கேட்டார்.

அண்ணே, உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது இந்த ஒரு வேலையைத்தான். திங்கட்கிழமை காலையில் வேலூர் ஜெயில் வாசலில் என் கட்சிக்காரர் என்னைத் தேடுவார். நான் காசியம்மாள் வீட்டில் உட்கார்ந்திருப்பேன்.