பதினேழு அரசுகளுக்கு ஐந்து நிமிடம்

தென் அரேபியக் கூட்டாட்சியைப் பற்றி ஒரு கூட்டத்தில் பேசப்போகிறேன் என்றதும் மனைவி கேட்டாள்: "உதைக் கேக்க ஆர் வரப்போயினம்?"

நியாயமான கேள்விதான். ஏடன் துறைமுகத்தைச் சுற்றியிருந்த பதினேழு சிற்றரசுகளின் சுல்தான்களையும் ஷேக்குகளையும் பிரித்தானியர் ஒரே பாயில் இருத்தி, "இனி நீங்கள் ஒரு நாடு, காவலுக்கு நாங்கள் இருக்கிறோம்" என்று செய்த ஒப்பேற்றல் அது. ஒன்பது வருசம்கூட நிறையவில்லை, காவல்காரரே மூட்டை கட்டிவிட்டார்கள். ரொறன்ரோவில் எங்கள் ஊர்ச் சங்கங்கள் இதைவிடச் சீக்கிரம் உடையும் என்பதால், எனக்கு அந்தக் கதையோடு ஒரு சொந்தம்.

கேட்க ஒருவர் இருந்தார். எங்கள் மாடிக் கட்டடத்தில் பக்கத்து வீட்டுக்காரர், அந்தச் சிற்றரசுகளில் ஒன்றான தத்தீனாவில் பிறந்தவர். தகப்பன் கூட்டாட்சிப் படையில் சிப்பாய். கனடாவுக்கு வந்து இத்தனை வருசத்தில் தத்தீனா என்ற பெயரை வேறொருவர் வாயால் ஒருதரமும் கேட்டதில்லை என்று லிப்டில் சொன்னார். தமிழ் தெரியாவிட்டாலும் வருவேன் என்றார். வந்தார். கழுத்தில் ரை கட்டி, தகப்பனின் சீருடைப் படத்தை ஒரு கடித உறையில் வைத்துக்கொண்டு, வோபர்ன் மண்டபத்தில் முதல் வரிசையில் இருந்தார்.

இரண்டு மணிக் கூட்டம் மூன்றுக்குத் தொடங்கியது. விளக்கேற்ற ஐந்து பேர். நெருப்புப்பெட்டி ஒருவரிடமும் இல்லை. கனடிய கீதம், தமிழ்த்தாய் வாழ்த்து, அகவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, அந்தத் தலைமையுரையைப் பாராட்டி இன்னோர் உரை. பிறகு பொன்னாடை. போர்த்தியவருக்கே இன்னொருவர் போர்த்தினார். நாலு மணிக்கு மண்டபத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். என் இருபத்திரண்டு பக்கக் கட்டுரை மடியில் கிடந்தது.

"அண்ணை, அஞ்சு நிமிசந்தான் கிடக்கு. சுருக்கிச் சொல்லுங்கோ," என்றார் செயலாளர்.

"ஒன்பது வருசத்தையோ?"

"ஓம் அண்ணை. தேத்தண்ணியோட குடுக்கிற ரோல்ஸ் ஆறுது."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. நீங்களும் உங்கள் ரோல்ஸும் என்று மேடையை விட்டு இறங்கிப் போய்விடத்தான் நினைத்தேன். முன்வரிசையில் அந்த மனிதர் உறையிலிருந்து படத்தை எடுத்து, மேடைக்குத் தெரிகிற மாதிரி முழங்காலில் நிமிர்த்தி வைத்திருந்தார்.

கட்டுரையை மேசையில் போட்டேன். அரசுகளின் பெயர்களை மட்டும் சொல்லத் தொடங்கினேன். லஹேஜ். பைஹான். தாலா. ஏடன். பின்னால் யாரோ கதிரைகளை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். நான் விடவில்லை. இன்னும் உரக்கச் சொன்னேன்.

"தத்தீனா."

பள்ளிக்கூடத்தில் இடாப்புப் பார்த்துப் பெயர் கூப்பிட்டதுபோல அவர் எழுந்து நின்று கையை உயர்த்தினார். மற்றக் கையில் தகப்பனின் படம் இருந்தது.