நிசார் வீட்டு ஈரம்

அன்று எங்கள் காளான் கொட்டிலுக்குள் நின்றவர்கள்: என் மனைவி சரசு. அடுத்த காணி நிசார். பிறகு நான். காளான் நின்றதா? அதைத்தான் சொல்ல வருகிறேன்.

துணுக்காயில் எங்கள் பக்கம் முதலில் காளான் போட்டது நான். நிசார் பிறகுதான். இரண்டு பேரும் எட்டாம் வகுப்போடு நின்றவர்கள். ஆனால் அவர் யூடியூப் பார்த்து, ஒரு சின்ன சர்க்கிட் போர்டில் சென்சர் பூட்டிவிட்டார். கொட்டிலுக்குள் ஈரப்பதன் எவ்வளவு என்று போன் சொல்கிறது. குறைந்தால் தண்ணீர் தெளிக்கிறார். அவருடைய காளான் பெட்டி பெட்டியாக வவுனியாவுக்கு பஸ் ஏறுகிறது. சந்திக் கடையிலும் அவருடைய காளானைப் பற்றித்தான் பேச்சு.

எனக்கு வயிறு எரிந்தது. வேறென்ன?

அதே போர்ட், அதே சென்சர் வாங்கினேன். நிசாரிடம் கேட்கவில்லை. கேட்டால் ஓடி வந்து செய்து தந்துவிடுவார்... அதனால்தான் கேட்கவில்லை. விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவில் அவர் போட்டிருந்த புரோகிராமை அப்படியே எடுத்து ஏற்றினேன். வைஃபை பாஸ்வேர்டை மட்டும் மாற்றினேன். போர்டில் லைட் மின்னியது. போனில் எண்பத்தெட்டு வந்தது. காளானுக்கு எண்பது தாண்டினால் போதும்.

"இஞ்சேருங்கோ, காளான் பையெல்லாம் காயுது. தண்ணி அடிப்பம்" என்றாள் சரசு.

"போன் எண்பத்தெட்டு எண்டு சொல்லுது. உனக்கென்ன தெரியும்?"

மொட்டுகள் சுருங்கத் தொடங்கின. அவளே போய் நிசாரைக் கூட்டி வந்தாள்.

அவர் என் சென்சரில் ஊதினார். மூச்சு ஈரம் — எண் ஏற வேண்டும். அசையவில்லை. புரோகிராமைத் திறந்து பார்த்தார். பிறகு வீட்டுக்கு, மனைவிக்குப் போன் எடுத்தார்.

"எங்கட சென்சரில ஒருக்கா ஊது பாப்பம்."

என் போனில் தொண்ணூற்றாறு!

"அண்ணை, கோவிக்காதேங்கோ. வயர் போர்டில பிழையா பக்கத்து ஓட்டையில கிடக்குது, உங்கட சென்சர் ஒண்டும் அனுப்பேல்லை. புரோகிராமில என்ர கொட்டில்ட பேரையும் நீங்கள் மாத்தேல்லை, போன் அந்தப் பேரில வாற எண்ணைத்தான் காட்டும். இவ்வளவு நாளும் பாத்தது எங்கட ஈரத்தை."

சரசு விழுந்து விழுந்து சிரித்தாள். "கொப்பியடிச்சவர் பேரையும் சேத்தெல்லோ அடிச்சிருக்கிறார்!"

நிசார் சிரிக்கவில்லை. அது இன்னும் எரிந்தது. பொறாமைக்கு ஒரு குணம் — உதவாதவனையும் பிடிக்காது, உதவுகிறவனையும் பிடிக்காது.

வயரை மாற்றிச் செருகினார். பேரை மாற்றினார். சரசு தண்ணீர் வாளியைத் தூக்கினாள். என் கொட்டிலின் எண் முதல்முறையாகப் போனில் வந்தது.

நாற்பத்தொன்று.