என்னை முந்திக்கொண்டு போன சாம்பார்

போன ஆவணியில், கொச்சி மட்டாஞ்சேரியில் நடந்தது இது. எனக்குக் கல்யாணச் சமையல் தொழில். எங்கள் மாடியில் குடியிருக்கும் மதுரைப் பெண் பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். என் டெம்போவிலும் வட்டாரத்து ஆட்டோக்களிலும் ஒரு சின்னப் பெட்டியை மாட்டியிருந்தாள். வழியில் தடை என்றால் முன்னால் போகிற வண்டியின் பெட்டி பக்கத்து வண்டிக்குச் சொல்லும். அது அடுத்ததற்குச் சொல்லும். டவர் கிவர் ஒன்றும் வேண்டாம்.

அன்று கல்யாணம். மண்டபத்தில் அடுப்பு கிடையாது. மற்றதெல்லாம் முதல் நடையிலேயே போய்விட்டது, சாம்பார்தான் பாக்கி. தூக்குவாளிகளில் ஊற்றி, மூடியை இறுக்கிக் கிளம்பினேன். பெட்டியைப் பார்க்க அவளும் உடன் வந்தாள். இலை போட்டாயிற்று என்று மண்டபத்திலிருந்து போன் வேறு. யூதர் தெருவான ஜூ டவுனில் சுற்றுலா பஸ் ஒன்று திரும்ப முடியாமல் நிற்பதாகப் பெட்டி கூவியது. சமர்த்தாகக் கொச்சங்காடிச் சந்துக்குள் திருப்பினேன். பெட்டி வைத்த அத்தனை ஆட்டோக்காரர்களும் என்னைப் போலவே சமர்த்து. மண்டப வாசல் வரைக்கும் சந்து அடைத்துக்கொண்டது.

“உன் பெட்டி என் மானத்தை வாங்கறதே! சாம்பார் இல்லாம சாதத்தை எதைப் போட்டாக்கும் பிசைவா?” என்று கத்தினேன்.

“பெட்டி செய்யுற வேலையை நாம கையால செய்வோம் அண்ணே. முன்னாடி வண்டிக்குக் கொடுங்க, அவங்க அடுத்த வண்டிக்குக் கொடுக்கட்டும்” என்றாள்.

வேறு வழியில்லை. “கல்யாண மண்டபம்!” என்று கூவி முதல் வாளியை நீட்டினேன். ஒரு டிரைவர் மூடியைத் திறந்து மோந்து, “காயம் கொறச்சு கூடுதலாணு சேட்டா” என்று, பெருங்காயம் கொஞ்சம் தூக்கல் எனத் தீர்ப்பு சொன்னார். ஒரு வெள்ளைக்கார அம்மாள் வாளியோடு போட்டோ எடுத்துவிட்டுத்தான் அடுத்த கைக்குக் கொடுத்தார். எதிரே வந்து மாட்டிக்கொண்ட ஒருவர் தன் பங்குக்குத் திருப்பி அனுப்ப, ஒரு வாளி என்னிடமே வந்து சேர்ந்தது.

“உங்களைவிட மண்டபத்துக்குக் கிட்ட நிக்கிற வண்டிக்கு மட்டும் கொடுங்க!” என்று அவள் சீட்டின் மேல் ஏறி நின்று கத்தினாள். அதன் பிறகு ஒன்றுகூடத் திரும்பவில்லை.

சந்து திறந்து நான் போனபோது பந்தியில் பாயசம் ஓடிக்கொண்டிருந்தது. சாம்பார் பிரமாதம் என்றார் மாப்பிள்ளையின் அப்பா. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நன்றி சொல்ல வாசலுக்கு ஓடினேன். வண்டிகளெல்லாம் கலைந்து போயிருந்தன, ஒரு முகம்கூட ஞாபகமில்லை.

இப்போதும் நெரிசலில் மாட்டினால் முன்னால் நிற்பவரைத் திட்ட எனக்கு வாய் வருவதில்லை. அன்று என் சாம்பாரைச் சுமந்தவர் அவராகவே இருக்கலாம்.