இடம்புரி டர்போ

இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர்களின் சாமான்களைத் துறைமுகத்திலிருந்து வெளியே எடுத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் ஆவணப் பிரிவுக்குத் தலைவி. பச்சை முந்திரி, மரக்கட்டை, பழைய காகிதம் என்று எது வந்தாலும் அதன் காகிதங்கள் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். அந்தச் சாமான்களில் முக்கால்வாசியை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. காகிதம் சரியாக இருந்தால் சாமான் சரியாக இருக்கும் என்பது என் கொள்கை. ஆபீசில் சின்னப் பிள்ளைகள் ஓர் எழுத்து தப்பாக அடித்தால்கூட அவர்கள் அழும்வரை நான் விடுவதில்லை.

எனக்கு வேகமாக ஓடும் கார் ஒன்று வேண்டும் என்று தோன்றியது நாற்பத்தாறாவது வயதில். ஏன் என்று கேட்டால் நல்ல பதில் என்னிடம் இல்லை. ஆண்களுக்கு இந்த வயதில் இப்படி ஒரு கிறுக்கு பிடித்தால் ஊர் சிரித்துவிட்டு விட்டுவிடும். பெண்ணுக்குப் பிடித்தால் டாக்டரிடம் காட்டச் சொல்வார்கள்.

இறக்குமதி செய்துவிடலாமா என்று முதலில் யோசித்தேன். நமக்குத் தெரிந்த தொழில்தானே. ஒரு மத்தியான வேளையில் எனக்கு நானே வாடிக்கையாளராகி விதிகளைப் புரட்டினேன். பழைய கார் என்றால் இத்தனை வயதுக்குள் இருக்க வேண்டும், ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், வேறொரு துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். எல்லாம் போக வரி காரை விடப் பெரிதாக நின்றது. வாடிக்கையாளரிடம், "அம்மா, இது உங்களுக்கு ஆகாது" என்று நானே சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஆகவே, இன்னொருவர் வாங்கி, ஓட்டி, அலுத்துப்போன காரைத் தேடினேன். கொச்சியில் கிடைத்தது. வெளிநாட்டு செடான், ஆறு சிலிண்டர், எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டி வேகம் கூட்டும் டர்போ பக்கத்துக்கு ஒன்று. பதினோரு வயது. புதிதாக வந்தபோது சினிமாக்காரர்கள் வாங்கிய வண்டி, இப்போது நல்ல குடும்பக் கார் ஒன்றின் விலைக்கு நின்றது. ஏன் இவ்வளவு மலிவு என்று வேறு யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள். நான் கேட்டது காகிதங்களை. ஆர்.சி., இன்சூரன்ஸ், தடையில்லாச் சான்று, வரி ரசீது, சர்வீஸ் புத்தகம் என எல்லாவற்றையும் இரண்டு நாள் உட்கார்ந்து வரி வரியாகச் சரிபார்த்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமான கோப்பைப் பார்த்ததில்லை. பானெட்டைத் திறந்து பார்க்கவில்லை. விற்றவர் திறந்து காட்ட வந்தபோதுகூட, "இருக்கட்டும் சார்" என்றேன்.

என் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். வண்டி வாசலுக்கு வந்த அன்று அவர் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சக்கரத்தைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார்.

"ஏளா, ஒன் வண்டி தரையிலலா படுத்துக் கெடக்கு. இதுல ஏறதா, எறங்கதா?"

'உன் வண்டி.' அன்றிலிருந்து அவர் வாயில் அது உன் வண்டிதான். உன் வண்டி தெருவை மறைக்கிறது, உன் வண்டி பக்கத்து வீட்டுக் குழந்தையை எழுப்பிவிட்டது, உன் வண்டிக்கு அடியில் பூனை குட்டி போட்டிருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு அவருடைய பழைய ஸ்கூட்டரிலேயே போனார்.

நான் காலை ஐந்தரை மணிக்குத் துறைமுகச் சாலையில் ஓட்டுவேன். இரண்டு பக்கமும் உப்பளம், நேரான ரோடு, ஒரு ஈ காக்கை இருக்காது. மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். தனியாகச் சத்தம்போட்டுச் சிரிப்பேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அதன்பின் வீட்டுக்கு வந்து, உப்பு லாரிகள் ரோட்டில் சிந்திய தண்ணீர் அடிப்பாகத்தைத் தின்றுவிடாமல் இருக்க முக்கால் மணி நேரம் ஹோஸ் பிடித்துக் கழுவுவேன். ஐந்து நிமிட வேகத்துக்கு இவ்வளவு கழுவலா என்று அவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கேட்பார்.

மூன்றாம் மாதம் வலப்பக்க டர்போ செத்தது. எங்கள் மெக்கானிக் வாழ்நாளெல்லாம் டிரெய்லர் லாரிகளோடு மல்லுக்கட்டியவர். அதைக் கழற்றி ஒரு பேப்பரில் சுற்றி, குழந்தையை ஒப்படைப்பதுபோல என் கையில் கொடுத்தார். இங்கே அதை யாரும் சரிசெய்யமாட்டார்கள், புதுசு வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும் என்றார்.

இந்தச் செய்தி வீட்டுக்காரரின் சொந்த ஊரான நாசரேத்துக்கு எப்படிப் போனதோ தெரியவில்லை, அந்த ஞாயிற்றுக்கிழமையே பெரியத்தான் வந்துவிட்டார். என் வீட்டுக்காரரின் அண்ணன். நாசரேத்தில் பெரிய கடை, பெரிய வீடு, பெரிய கார். எல்லோருக்கும் உதவி செய்வார், செய்ததை எல்லோருக்கும் சொல்வார். மூன்று முறுக்கு தின்றபின் விஷயத்துக்கு வந்தார்.

"எதுக்கும்மா ஒனக்கு இந்தத் தொந்தரவு? பாதி வெலைக்கு நான் எடுத்துக்கிடுதேன். மவனுக்கு ஆசையா இருக்கு."

நான் வாயைத் திறக்குமுன் வீட்டுக்காரர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "நாசரேத்ல நம்ம கோயில் அசனத்துக்கு அவ அந்த வண்டியிலயே வரட்டும். மொதப் பந்தி எலை போடுதுக்குள்ள வந்துட்டா அது அவகிட்டயே இருக்கட்டும். வரலன்னா நீங்க எடுத்துக்கிடுங்கண்ணே."

அசனம் என்பது எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ ஆலயங்களில் வருடத்துக்கு ஒருமுறை ஊரே பந்தியில் உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிடும் நாள். அதற்கு ஐந்து வாரம் இருந்தது. எனக்கு வந்த கோபத்தில் சரி என்று சொல்லிவிட்டேன். இறக்குமதி என் தொழில். என்னிடம் போய் சவாலா?

மறுநாளே ஆர்டர் போட்டேன். விலைப்பட்டியல், பேக்கிங் லிஸ்ட், எல்லாவற்றிலும் 'டர்போசார்ஜர், வலப்பக்கம்' என்று அச்சடித்தாற்போல் இருந்தது. விற்பவன் சாமானின் புகைப்படம் ஒன்றையும் அனுப்பி, பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தான். புகைப்படம் ஆவணமாகாது. அதைப் பிரிண்ட் எடுத்துக் கோப்பின் கடைசியில் குத்திவிட்டு, "சரி, அனுப்புங்கள்" என்று பதில் போட்டேன்.

கொழும்பு வழியாகப் பெட்டி வந்து சேர்ந்தபோது அசனத்துக்கு ஒன்பது நாள். பல பேருடைய சாமான்களோடு ஒரே கன்டெய்னரில் வந்திருந்ததால், கிடங்கில் பெட்டியைத் திறந்து சுங்க அதிகாரி பார்க்க வேண்டும். என் சொந்தச் சாமான் என்பதால் நானே போனேன். அதிகாரிக்குப் புரியட்டும் என்று செத்துப்போன டர்போவையும் பையில் எடுத்துப் போயிருந்தேன்.

பெட்டியை உடைத்தவர் திரேஸ்புரத்துக்காரர். முட்டி வலி வரும்வரை சங்கு குளித்துவிட்டு, பிறகு கிடங்கு வேலைக்கு வந்தவர். புது டர்போவைத் தூக்கியதுமே அவர் முகம் மலர்ந்துவிட்டது. டர்போவைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன், அது பார்க்க அசல் சங்குதான். அதே சுருள், அதே வாய்.

"யக்கா, அந்தப் பழசயும் தாங்க" என்றார். ஒரு கைக்கு ஒன்றாக இரண்டையும் வாய்ப்பக்கம் தன்னைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு, சந்தையில் பேரம் பேசுபவர்போல மாற்றி மாற்றிப் பார்த்தார். "ரெண்டும் ஒரே சாதிதான். ஆனா ஒங்க பழசு வலம்புரி. இது இடம்புரிலா?"

"அதெல்லாம் இல்ல அண்ணாச்சி, காகிதத்துல வலப்பக்கம்னுதான் இருக்கு" என்றேன்.

"காகிதத்துல இருக்கும் யக்கா. சுருள் இந்தப் பக்கமால்லா போவுது."

கிடங்கில் இருந்த அத்தனை பேரும் கூடிவிட்டார்கள். அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் கோப்பைக் கடைசிவரை புரட்டினார். கடைசித் தாளில், நான் குத்திவைத்த புகைப்படத்தில், பளபளவென்று ஓர் இடம்புரி. எந்தக் குருடனுக்கும் தெரியும். இடப்பக்கத்து டர்போவை அனுப்பிவிட்டான் பாவி. அனுப்புமுன் என்னிடம் காட்டி அனுமதியும் வாங்கியிருக்கிறான்.

"என்ன மேடம், நீங்களே தப்பா டிக்ளேர் பண்ணினா நாங்க யாரை நம்புறது?" என்றார் அதிகாரி. நல்ல மனிதர். வலதுக்கும் இடதுக்கும் வரி ஒன்றுதான் என்பதால் திருத்தக் கடிதம் ஒன்று வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார். இருபத்திரண்டு வருடத்தில் நான் எழுதிய முதல் திருத்தக் கடிதம். அன்று ஆபீசுக்குத் திரும்பியபோது நான் அழவைத்த பிள்ளைகள் எல்லோரும் கம்ப்யூட்டரை வெறித்துப் பார்த்தபடி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். சிரித்திருந்தால்கூடத் தேவலை.

வலப்பக்கம் வரவேண்டுமானால் இன்னும் ஒரு மாதம் ஆகும். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "படத்தப் பாக்கலையா நீ?" என்று மட்டும் கேட்டார். அவர் திட்டியிருந்தால் நானும் நாலு கேட்டு ஆறியிருப்பேன்.

அன்று படுக்கையில் புரண்டபோதுதான் தோன்றியது. நாசரேத்துக்கு வரவேண்டும் என்றுதானே நிபந்தனை? வேகமாக வரவேண்டும் என்று யார் சொன்னது?

மெக்கானிக் செத்த டர்போவையே திரும்பப் பூட்டினார். "நாப்பதுக்கு மேல போவாதீங்க. எண்ணெய் எரியும், பொகை வரும். என்ன ஆனாலும் வழியில அணைச்சிராதீங்க மேடம். அணைச்சா எந்திரிக்காது."

அசனத்தன்று காலையில் கிளம்பினோம். வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் என் பக்கத்தில் அமர்ந்து, பாதத்தை எங்கே வைப்பது என்று வழியில் முக்காணி ஊர் வரை தேடினார். எங்களுக்குப் பின்னால் கொசுமருந்து வண்டி போவதுபோலப் புகை. ஆத்தூர்ப் பாலத்தில் வெற்றிலைக் கட்டு ஏற்றிய மொபெட் ஒன்று எங்களை முந்தியது. ஓட்டியவர் திரும்பிப் பார்த்துப் பார்த்துப் போனார். பிறகு டவுன் பஸ் முந்தியது, வைக்கோல் லாரி முந்தியது. மூன்றுபேர் ஏறிய ஓட்டை ஸ்கூட்டர் ஒன்று முந்தப் பார்த்தபோது மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை, நாற்பத்திரண்டில் மிதித்துவிட்டேன்.

"மெதுவாளா" என்றார் வீட்டுக்காரர். சிரிப்பை அடக்கி அவர் உதட்டோரம் துடித்ததை நான் பார்த்தேன்.

நாசரேத் நெருங்கிவிட்டது. கோயில் கோபுரம் தெரிகிறது. ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. ரயில்வே கேட் எங்கள் முன்னால் மெதுவாக இறங்கியது.

ரயில் வருவதாகக் காணோம். நின்ற வண்டிக்குக் காற்று இல்லை. சூட்டைக் காட்டும் முள் ஏறத் தொடங்கியது. பாதியைத் தாண்டியது, சிவப்பைத் தொட்டது. பானெட் விளிம்பில் ஆவி கசிந்தது. கேட்டுக்கு அந்தப்பக்கம் தெரிந்தவர்கள் எல்லோரும் கோயிலுக்கு நடந்துபோகிறார்கள்.

"அணைச்சா எந்திரிக்காது" என்றேன்.

"அணைக்கலன்னா எஞ்சினு உருகிரும்" என்றார் அவர். "ஒன் வண்டி. நீதான் சொல்லணும்."

அணைக்காமல் இருந்தால், கேட் திறந்ததும் எப்படியாவது தேய்த்துக் கொண்டுபோய்ப் பந்திக்குமுன் நிறுத்திவிடலாம். சவாலில் ஜெயித்துவிடலாம், பிணத்தை வைத்துக்கொண்டு. அணைத்தால் வண்டி பிழைக்கும், ஆனால் பெரியத்தான் வீட்டில் பிழைக்கும். அவர் மகன் அதற்கு மஞ்சள் பெயின்ட் அடிப்பான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருந்தாலும் சாகவிட எனக்கு மனம் வரவில்லை. அணைத்தேன்.

அந்த அமைதியில்தான் ரயில் வந்து போனது. கேட் திறந்தது. பொத்தானை அழுத்தினேன், அழுத்தினேன், ஒன்றும் இல்லை. பின்னால் ஹாரன்கள் கத்தின. ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன், நாற்பத்தாறு வயதில், நடுரோட்டில், பட்டுச்சேலையில்.

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் இறங்கிப் போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நிற்கிறார்.

"நியூட்ரல்ல போடுளா! ஸ்டேரிங்க ஒழுங்காப் பிடி!"

தள்ளினார். தண்டவாளத்தில் சிக்கியபோது அவருடைய பழைய மாணவர்கள் இரண்டுபேர் பைக்கை நிறுத்திவிட்டு, "சார், தள்ளுங்க சார்" என்று கைகொடுத்தார்கள். பிறகு அசனத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர். கோயில் வளாகத்துக்குள் நாங்கள் நுழைந்தபோது எங்களை எதிர்பார்த்துப் பெரியத்தான் வாசலிலேயே நின்றார். உள்ளே இலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தள்ளிக்கிட்டுலா வந்திருக்கிய" என்றார் பெரியத்தான், சாவிக்காகக் கையை நீட்டாத குறைதான். "பேச்சு பேச்சா இருக்கணும்டே."

வீட்டுக்காரர் மூச்சு வாங்கியபடி நிமிர்ந்தார். வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் முழுவதும் புகைக்கரி. அண்ணன் பேச்சை அவர் தட்டி நான் பார்த்ததே இல்லை.

"தப்பா நெனைக்காதீங்கண்ணே" என்றார். "நம்ம வண்டிய விக்கதா இல்ல."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, கரியைத் துடைக்கப்போய்ச் சட்டையில் இன்னும் அகலமாக அப்பிக்கொண்டிருந்தார். பெரியத்தான் உள்ளே போய் ஓர் இலையைப் பிடித்து உட்கார்ந்துகொண்டார்.

முதல் பந்தியிலேயே எங்களுக்கும் இடம் கிடைத்தது. கரிக்கையைக் கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் அமர்ந்தவர், கறியைச் சோற்றில் பிசைந்தபடி மெதுவாகக் கேட்டார்.

"வலப்பக்கத்து டர்போக்கு எப்ப ஆர்டர் போடப் போற?"

"நாளைக்கே போடுதேன்."

"போடு. ஆனா இந்தத் தடவ படத்த எனக்கு அனுப்பச் சொல்லு" என்றார்.